பழக்கமும் பழியும்

உடம்பைப் பேணும் வழிகளுள் அரியன சில, எளியன பல. அரியனவற்றை வைத்தியர் அறிவர். எளியனவற்றை யாவரும் அறிவர். உண்ணுமுன் கை கழுவுக, உப்பையுஞ் சீனியையுங் குறைக்குக, நாள்தோறும் நடக்குக, வேண்டுமளவு நீர் பருகுக, காலத்தில் உறங்குக என்னும் இவற்றை அறியாதார் நம்முள் எவருமிலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இவற்றைத் தட்டின்றி ஒப்புவிக்கும். ஆயினும் இவற்றைத் தவறாது செய்வார் சிலரே. அறிதற்கு எளியது செய்தற்கு அரிதாயிருப்பது என்னை? செய்யாது விட்டவன் நோயுற்றானாயின் அவனைப் பழித்தல் முறையோ? அறியச் செய்தலோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமோ? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இது வைத்தியர்க்கு உரிய ஆராய்ச்சியன்றோ, ஆசிரியர்க்கு இதனாற் பிரயோசனம் யாது எனின், கூறுதும். நோயை ஆராய்தல் வைத்தியர் தொழில்; பழக்கத்தை விதைத்தல் ஆசிரியர் தொழில். நாற்பதாம் வயதில் வைத்தியர் சொல்லும் புத்தி செவியில் நின்றுவிடும். எட்டாம் வயதில் ஆசிரியர் பழக்கியது கையில் நிற்கும். அன்றியும், இங்கே மருந்தைப் பற்றிய வினாவினும் அறத்தைப் பற்றிய வினாவே பெரிது.

முதலாவது, உடம்பைப் பேணுதல் அறமாமோ என்பதை நோக்குவாம். இதனை மறுப்பார் இரு திறத்தர். ஒரு திறத்தார், உடம்பு நிலையில்லாதது. அழிவதைப் பேணுதல் வீண் முயற்சி என்பர். மற்றொரு திறத்தார், நோய் பழவினையால் வருவது. வரவேண்டியது வந்தே தீரும். உப்பைக் குறைத்தலால் ஊழ் குறையுமோ என்பர்.

முன்னையோர்க்கு விடை இது: அயலவரிடம் இரவலாக வாங்கிய புத்தகம் நம்முடையதன்று, நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்படுவது. அதனால் அதனை மழையில் நனையவிடலாமென்று எவருங் கூறார். நம்முடையதன்று என்பதே அதனைக் கவனமாக வைத்திருத்தற்குக் காரணம். உடம்பும் அத்தகையது. நிலையாமை, பற்றை ஒழித்தற்குக் காரணமாகுமேயன்றிப் பேணாமைக்குக் காரணமாகாது.

பின்னையோர் கூறுவதை அவர் செய்கையே மறுக்கின்றது. மாரி வருமுன் அவர் கூரையைத் திருத்துகின்றனர். வெங்காயப் பாத்திக்கு நேரந்தவறாது நீர் இறைக்கின்றனர். இரவிற் படலையைச் சாத்துகின்றனர். விளைச்சலுக்கும் பொருளுக்கும் முயற்சி வேண்டுமென்று கொண்டவர், உடம்பொன்றுக்கு மட்டும் அது வேண்டாவென்று விடுதல் பொருந்தாது. வந்த துன்பத்தைப் பொறுத்தற்குச் சொல்லப்பட்ட வினைக்கொள்கையை, வருமுன் காவாத சோம்பலுக்குப் போர்வையாக்குதல் தகாது.

இன்னுமொரு நியாயம் உண்டு. நம் பழக்கம் நம்மோடு நின்றுவிடுவதில்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு தேங்கிய தெளிந்த நீரின் விளிம்பில் முட்டையிடும். அம்முட்டை சிறகுள்ள நுளம்பாதற்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் வரையிற் செல்லும். ஆகவே சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு என்னும் இவற்றிலுள்ள நீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டிக் கவிழ்த்துவிடுவார் வீட்டில் நுளம்பு பிறப்பது அரிது. வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவி வாசல் தெளிக்கும் வழக்கம் நம்மவர்க்கு முன்னரே உண்டு. அன்றைக்கே வீட்டின் பின்புறத்தையும் ஒருமுறை சுற்றிவந்தால் வேலை முடிந்தது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒருவர் கவிழ்க்காது விட்ட சிரட்டையிற் பிறந்த நுளம்பு அயல்வீட்டுக் குழந்தையைக் கடிக்கின்றது. எல்லைக்காக நாம் ஆண்டுக்கணக்காக வழக்காடும் வேலியை நுளம்பு அறியாது. ஆதலால் இப்பழக்கம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமன்று. பிறர்க்குத் தீங்கு செய்யாமை என்னும் அறத்தின் பகுதியேயாம்.

இனி, அப்பழக்கங்கள் எத்துணைச் சிறியன என்பதைச் சில அளவுகளாற் காட்டுவாம்.

உப்பு: வளர்ந்தவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த அளவே போதுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. அஃது ஒரு மட்டமான தேக்கரண்டியளவு. கறியில் இட்டது மட்டுமன்றி ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், கடையில் வாங்கும் மிக்சர் என்பனவற்றில் உள்ளதும் இக்கணக்கிற் சேரும். உயர்ந்த இரத்த அழுத்தம் பெரும்பாலும் நோவு தருவதில்லை. தலைசுற்றும்போது பார்ப்போமென்று காத்திருப்பவர் பலர், பக்கவாதம் வந்த பின்னரே அதனை அறிகின்றனர்.

சீனி: நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு கொள்வார்க்குச் சேர்க்கப்படும் இனிப்பு 50 கிராமுக்கு மேற்படலாகாது, 25 கிராமுக்குட் குறைத்தல் இன்னும் நலம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். காலையில் ஒன்று, இடைவேளையில் ஒன்று, பாடசாலை விட்டபின் ஒன்று, விருந்தினரோடு ஒன்று, மாலையில் ஒன்று என ஐந்து தேநீர் குடிக்கும் ஆசிரியர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி இட்டால், பலகாரத்தைத் தொடாமலே 40 கிராம் உட்கொண்டவராவர். பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் இக்கணக்கில்லை என்பாருமுளர். பனங்கட்டியின் பெரும்பகுதியும் சீனியே. கிழமைக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வருவார்க்கு நாக்கும் அதனுடனே பழகிவிடும்.

நடை: கிழமைக்கு 150 நிமிடம், அஃதாவது நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் விரைந்து நடத்தல் போதும். கோயிலுக்கும் கடைக்கும் மோட்டார்ச் சைக்கிளை எடுக்காது விட்டால் நம்மிற் பலர்க்கு இது தானே நிறைவேறும்.

வெற்றிலை: சபையில் வெற்றிலைத் தட்டத்தைத் தொட்டு மரியாதை ஏற்றல் வேறு, பாக்கை வாயில் அடக்கி நாள் முழுதும் மெல்லுதல் வேறு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவதென்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இலங்கை ஆடவரிடத்து வாய்ப்புற்றுநோய் மிக்கிருத்தற்கு இம்மெல்லுதலே பெருங்காரணம். மரியாதையை வைத்துக்கொண்டு மெல்லுதலை விடுவதால் வழக்கத்துக்குக் குறைவொன்றுமில்லை.

இவற்றுள் ஒன்றேனும் பொருட்செலவை வேண்டுவதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95 ஆவதாக உள்ளது. அதிலே பெரும்பகுதி கூறுவது மருந்தின் பெயரையன்று, உண்ணும் அளவையேயாம். அளவறிதலே முதல் மருந்தென்பது நம் முன்னோர் கருத்து.

இங்ஙனம் சிறியனவும் எளியனவுமாயிருக்க, அவை கைக்கொள்ளப்படாமைக்குக் காரணம் யாது? சோம்பல் என்று பலருங் கூறுவர். அஃது ஒரு காரணமே. அதனினும் ஆழமாகக் கிடப்பது ஒன்றுண்டு. அதனை விளக்கப் பிறநாட்டுச் சரித்திரம் ஒன்றைக் கூறுவாம்.

வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையிலே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியரும் வைத்திய மாணாக்கரும், மற்றொன்றில் மருத்துவிச்சிகளும் பிரசவம் பார்த்தனர். வைத்தியர் பார்த்த பகுதியிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து, பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு வைத்தியர் பிரசவ அறைக்கு வருதலே காரணமென்று துணிந்தார். 1847 ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவியே உள்ளே வருதல் வேண்டுமென்று விதித்தார். ஏப்பிரிலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த இறப்பு யூனில் நூற்றுக்கு 2 அளவிற்கு இறங்கிற்று. கை கழுவுதலினும் எளிய பழக்கம் யாதுளது? பயனோ கண்கூடு. ஆயினும் கற்ற வைத்தியர் பலர் அதனை ஏற்றிலர். தாம் நூலிற் கற்ற கொள்கையோடு அது பொருந்தாமை ஒரு காரணம். ஏற்பின், தங் கையே இத்தனை தாய்மாரைக் கொன்றதென்று ஒப்புக்கொள்ள நேருமென்பது மற்றொரு காரணம். அறியாமையை நீக்குதல் எளிது. குற்றவாளியாய் நிற்க அஞ்சும் மனத்தை இணங்கச் செய்தலே அரிது.

சரித்திரம் இவ்வளவில் முடியவில்லை. ஏற்கப்படாமையால் உள்ளம் நொந்த செம்மெல்வைஸ், பின்னாளில் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, தம்மை மறுத்த வைத்தியரைக் கொலைஞரென்று இகழ்ந்தார். அவர் கூறியது பெரும்பாலும் உண்மை. அவர் மனம் வெதும்பியதும் நியாயமே. எனினும் அவ்விகழ்ச்சி அவர் கருத்துக்கு ஆள் சேர்க்கவில்லை. 1865 ஆம் ஆண்டில், 47 ஆம் வயதில், மனநோயாளர் இல்லமொன்றில் அவர் இறந்தார். கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய பின்னரே வைத்தியருலகம் கை கழுவப் பழகிற்று. உண்மையைப் பழியோடு சேர்த்துக் கொடுத்தால், பழியைத் தள்ளுவார் உண்மையையும் உடன் தள்ளுவர் என்பது இதனாற் பெறப்படும்.

வியன்னாவிற்கு நாம் போகவேண்டுவதில்லை. நாமறிந்த ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டு சுகாதாரம் படிப்பித்தவர். இனிப்பைக் குறைக்காதவனே நீரிழிவை விலைக்கு வாங்குகின்றானென்று வகுப்பிலும் மேடையிலும் அவர் கூறுவதுண்டு. அவருக்கே அந்நோய் வந்தது. வந்ததை அவர் எவர்க்குஞ் சொல்லவில்லை. ஊரிலுள்ள வைத்தியசாலையில் பழைய மாணாக்கர் இருப்பர் என்று அங்கே போகாது விட்டார். காலில் உண்டான சிறு புண்ணைச் செருப்புக் கடித்ததென்று மறைத்தார். மனைவியார் அறிந்த காலத்தில் புண் முற்றியிருந்தது, பாதத்தை எடுக்கவேண்டியதாயிற்று. நாம் பார்க்கச் சென்றபோது அவர் சொன்னது ஒன்றே: "நோய்க்கு நான் அஞ்சவில்லை, நான் பேசிய பேச்சுக்கே அஞ்சினேன்." அவருடைய காலைக் கொண்டுபோனது சீனியன்று, வெட்கம். அவ்வெட்கத்தை ஊரில் வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் பேச்சைக் கேட்டுத் தலையசைத்த நாமும் ஒருவர்.

நோய் வந்தவனெல்லாம் பழக்கந் தவறியவனென்பது உண்மையுமன்று. சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை நீரிழிவு, உடம்பைக் காக்கும் சத்தியே சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்தலால் வருவது. இனிப்புத் தின்றதனால் வருவதன்று. அத்தகைய பிள்ளையின் தாயை நோக்கி, என்ன கொடுத்து வளர்த்தாய் என்று கேட்கும் அயலவர் எத்தனை பேர்! இரத்த அழுத்தத்திலும் வளர்ந்தவர்க்கு வரும் நீரிழிவிலும் குடிவழிக்குப் பங்குண்டு. வெற்றிலையோ புகையிலையோ தொடாதவர்க்கும் புற்றுநோய் வருகின்றது. நற்பழக்கம் நோய் வரும் வழிகளுட் பலவற்றை அடைக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிடும் என்று நாம் எவர்க்கும் வாக்குக் கொடுத்தலாகாது. வினைப்பயன் என்னும் சொல்லையும் இவ்விடத்தில் எச்சரிக்கையோடு வழங்குதல் வேண்டும். தன் துன்பத்தைப் பொறுத்தற்குரிய கொள்கையைப் பிறர் துன்பத்தை அளக்குங் கோலாக்குதல் கொடுமை.

அற்றேல், பழியை நீக்கிவிட்டால் ஒழுக்கம் தளராதோ, நோய்க்கு எவனும் பொறுப்பில்லையென்று ஆகிவிடாதோ என்று சிலர் வினாவுவர். நியாயமான வினாவே. பொறுப்பு வேறு, பழி வேறு. பொறுப்பு, இனிச் செய்வது யாது என்று கேட்கும். பழி, முன் செய்தது யார் என்று கேட்கும். புண் வந்த ஆசிரியர்க்கு அன்று மாலையே வைத்தியரிடம் போகும் பொறுப்பு இருந்தது. அதனைச் செய்யவொட்டாது தடுத்தது பழி. ஆதலாற் பழி பொறுப்பை வளர்ப்பதன்று; அதனைக் கெடுப்பது. தன்னளவில் ஒவ்வொருவரும் தம் பழக்கத்தைக் கண்டிப்பாக ஆராய்க. பிறரளவில் ஆராய்ச்சியை விட்டு உதவியைச் செய்க. இவ்விரண்டையும் மாற்றிச் செய்பவரே நம்முட் பலர். தமக்குச் சலுகையும் பிறர்க்குத் தண்டமும் வழங்குகின்றனர்.

மூன்றாவது வினாவிற்கு வருவாம். அறியச் செய்தலோடு கடமை முடியுமோ? முடியாதென்பதை நாம் ஒரு பிள்ளையிடத்திற் கற்றுக்கொண்டோம்.

நாம் படிப்பித்த காலத்து, ஒரு பங்குனி மாதத்து வெயிலில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடைசிப் பாடவேளையில் மயங்கி விழுந்தாள். அந்தக் கிழமையிலேதான் தண்ணீரின் அவசியத்தைப் பற்றி நாம் காலைப் பிரார்த்தனையின்பின் நெடுநேரம் பேசியிருந்தோம். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டோம், இல்லையென்று தலையசைத்தாள். இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டோம். அவள் தலை கவிழ்ந்து நின்றாள். பின்னர் ஆசிரியை ஒருவர் அவளைத் தனியே அழைத்துக் கேட்டபோது காரணம் வெளியாயிற்று. மாணவியரின் மலசலகூடத்துக் கதவிற்குக் கொண்டியில்லை, ஒருத்தி உள்ளே போனால் மற்றொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும், உள்ளே நீருமில்லை. ஆகவே விடியற்காலம் முதல் வீடு திரும்பும் வரை நீர் குடியாதிருத்தலை அவள் மட்டுமன்றி அவ்வகுப்பிற் பலரும் பழக்கமாகக் கொண்டிருந்தனர். மாதத்திற் சில நாள் அவர்கள் பாடசாலைக்கு வாராமைக்கும் அதுவே காரணம். சலத்தை அடக்குதலும் நீர் குடியாமையும் சலப்பையிற் கிருமி சேர்தற்கு இடங்கொடுக்குமென்பதை வகுப்பிற் படிப்பித்த நாம், அக்கதவை ஒருநாளும் சென்று பார்த்ததில்லை.

கொண்டி ஒன்று, வாளி இரண்டு, மூடியுள்ள கூடை ஒன்று, சவர்க்காரம் ஒன்று: இவ்வளவே வாங்கினோம். செலவு, முந்திய பரிசளிப்பு விழாவில் மாலைகளுக்குக் கொடுத்த பணத்தினுங் குறைவு. கழுவும் வேலையை இன்னார்க்கே உரியதென்று ஒதுக்காது ஆசிரியரும் மாணாக்கரும் முறைவைத்துச் செய்தோம். அடுத்த கிழமையில் மாணவியரின் மேசையிலே தண்ணீர்ப் போத்தல்களைக் கண்டோம். நம் பிரசங்கஞ் செய்யாததைக் கொண்டி செய்தது. அப்பிள்ளைக்கு அறிவும் குறையவில்லை, மனவுறுதியும் குறையவில்லை, குறைந்தது கதவில். குறையைக் கதவில் தேடாது பிள்ளையிடத்தில் தேடியது நம் பிழை. எல்லார் முன்னிலும் கடிந்த நாம், எல்லார் முன்னிலும் அதனைச் சொல்லி வருந்தினோமில்லை. அஃது இன்றும் நம் மனத்தை உறுத்துகின்றது.

பெருங்காரியத்திலும் இதுவே முறை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இந்நாடு மலேரியா நீங்கியதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கிற்று. குடிகளின் நற்பழக்கம் மட்டும் அதனைச் செய்யவில்லை. இரத்தஞ் சோதித்தவரும், மருந்து தெளித்தவரும், குளமுங் கிணறும் தேடித் திரிந்தவரும், கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்ட வீட்டினரும் சேர்ந்தே செய்தனர். நோயுற்றவன், வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகத் திருவள்ளுவர் வகுத்தார். தீர்த்தற்கு நால்வகை வேண்டுமாயின், காத்தற்கு ஒருவன் தனியே போதுமென்று எங்ஙனங் கூறலாம்?

ஆதலால் ஆசிரியர்களுக்கு நாம் விண்ணப்பஞ் செய்வன நான்கு. முதலாவது, உங்கள் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள சீனியையும் காலந்தோறும் அளப்பித்துக்கொள்ளுங்கள்; அளவு கூடியிருப்பின் அதனைச் சக ஆசிரியரிடம் வெட்கமின்றிச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் மறைத்திருக்கும் மற்றொருவர் வைத்தியரிடம் போவார். இரண்டாவது, சுகாதாரப் பாடந் தொடங்குமுன், பாடசாலையின் குழாயில் நீர் வருகின்றதா, அருகே சவர்க்காரம் உண்டா, கதவிற்குக் கொண்டி உண்டா என்று நீங்களே சென்று பாருங்கள். மூன்றாவது, பேன், சிரங்கு, இருமல், மெலிவு, பருமன் என்னும் இவற்றின் பொருட்டு எப்பிள்ளையையும் வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள். சொல்லவேண்டுவதைத் தாயிடந் தனியே, ஏவலாகவன்றி யோசனையாகச் சொல்லுங்கள். நான்காவது, பத்துப் பழக்கங்களைப் பலகையில் எழுதாது, தவணைக்கு ஒன்றாக எடுத்துப் பிள்ளைகளோடு நீங்களுஞ் செய்யுங்கள். மூன்று தவணைக்கு மூன்று பழக்கம் நிலைபெறுமாயின், அவ்வாண்டு நன்றாகச் சென்றதென்று கொள்ளலாம்.

பழக்கம் கடமை, நோய் குற்றமன்று. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுதல் சிறிது கடினமே. முன்னதை மட்டும் பிடிப்பவர் கடுமையாளராவர். பின்னதை மட்டும் பிடிப்பவர் சோம்பராவர். இரண்டையும் பிடிப்பவரே பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தக்கவர். கதவிற்கு முதலிற் கொண்டியை இடுவோம். அதன்பின் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம்.